லிகியா கடற்கரையில் நடையும் டைவிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் தென்மேற்கு மூலையில், ஃபெதியேயிலிருந்து அண்டால்யா வரை, மலை நேராகக் கடலுக்குள் இறங்கி நிற்கிறது. பழங்காலத்தில் இந்தப் பகுதிக்கு லிகியா என்று பெயர். முதுகுப்பையைச் சுமந்து நடக்கவும், நடுவில் ஊர்களில் தங்கி ஸ்கூபா டைவிங் செய்யவும் இதைவிட ஏற்ற கரையை நான் பார்த்ததில்லை. இருமுறை போய்வந்த பிறகு, போக நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லிகியா பாதை என்றால் என்ன? முழுவதும் நடந்தே ஆக வேண்டுமா?

ஆட்டுத் தடங்களையும் பழைய ரோமானியச் சாலைகளையும் கழுதைப் பாதைகளையும் இணைத்து உருவாக்கிய நீண்ட நடைபாதை இது. பிரிட்டனில் பிறந்து துருக்கியில் குடியேறிய கேட் க்ளோ என்பவர் வகுத்த இந்தப் பாதை 1999-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 540 கி.மீ. ஒரே மூச்சில் நடந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

முழுவதும் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. கடலோர நெடுஞ்சாலை பல இடங்களில் பாதைக்கு அருகில் வருவதால், பிடித்த பகுதியை நடந்துவிட்டு, மற்றதை மினிபஸ்ஸில் கடந்துவிடலாம். மினிபஸ்ஸை அங்கே தொல்முஷ் என்கிறார்கள். ‘நிரம்பியது’ என்று பொருள். பல வண்டிகள் ஆள் நிரம்பிய பிறகுதான் கிளம்பும். அதனால் மாலை விமானத்தைப் பிடிக்க மதியத் தொல்முஷ்ஷை நம்பாதீர்கள்.

பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டைகள் தீட்டியிருக்கும். அதுதான் வழிகாட்டி. சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் தவறான திசையில் போகிறீர்கள். கால் மணி நேரம் நடந்தும் பட்டை எதுவும் கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகப் பட்டையைப் பார்த்த இடத்துக்கே திரும்பிவிடுங்கள். குறுக்கு வழி தேடி முட்புதருக்குள் இறங்கியவர்கள் கால் முழுக்கக் கீறலோடு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாதம் நல்லது?

நடைக்கு வசந்தமும் இலையுதிர்காலமும் நல்லது. டைவிங்குக்குக் கோடையும் அதையடுத்த வாரங்களும் நல்லது. இரண்டும் சேரும் காலம் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை. அப்போது வெயில் தணிந்திருக்கும். கடல் மட்டும் கோடைச் சூட்டை இன்னும் பிடித்து வைத்திருக்கும். டைவிங் ஊரான காஷ் அருகே ஆகஸ்டில் கடல்நீர் 28 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. குளிர்காலக் கடைசியில் 17-க்கு இறங்கிவிடுகிறது. ஏப்ரலில் மலையெங்கும் பூ. ஆனால் நீருக்குள் பல் கிடுகிடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் நிழலில்லாத சுண்ணாம்புப் பாறையில் பை சுமந்து நடப்பது ஆபத்து. அந்த மாதங்களில் போக நேர்ந்தால் டைவிங் மட்டும் செய்யுங்கள். நடையை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடை, டைவிங் இரண்டையும் ஒரே பயணத்தில் செய்தால் எதை முதலில் வைப்பது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் காலையில் இருமுறை மூழ்கிவிட்டு மதியம் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறலாம் என்றே திட்டம் போடுகிறார்கள். அது கூடாது.

நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறோம். சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் காற்று. அதிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக நிதானமாக வெளியேறும். ஆனால் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், மிச்சமுள்ள நைட்ரஜன் குமிழியாகப் பிரியலாம். மூட்டு வலி, தோல் அரிப்பு, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம் என்று விளைவுகள் நீளும்.

விமானத்துக்குச் சொல்லப்படும் இடைவெளி விதி மலைக்கும் பொருந்தும். ஒருமுறை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. 600 மீட்டருக்கு மேல் போகும் எந்தப் பயணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லிகியா பாதையில் அந்த உயரத்தை ஒரு மதியத்துக்குள்ளேயே தொட்டுவிடலாம். டெம்ரேக்கும் ஃபினிகேக்கும் நடுவில் பாதை 1,800 மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. தஹ்தாலி மலையின் உச்சி 2,365 மீட்டர். கேபிள் கார் சில நிமிடங்களில் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பஸ் ஏறிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். காஷிலிருந்து எல்மாலி வழியாக உள்நாட்டுக்குப் போகும் சாலை 1,000 மீட்டருக்கு மேலுள்ள பீடபூமிக்குத்தான் ஏறுகிறது.

உயரம் மட்டுமே காரணமில்லை. மூழ்கி எழுந்த உடனே பாரம் சுமந்து மூச்சு வாங்க நடப்பதும், உடம்பில் நீர் வற்றியிருப்பதும் குமிழி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. முதல் பயணத்தில் நான்கு நாள் நடந்த களைப்போடு மறுநாள் காலையிலேயே படகேறினேன். இரண்டாவது முறை மூழ்கி எழுந்தபோது தலை கனத்து, வாந்தி வரும்போல் இருந்தது. படகில் இருந்த பயிற்றுநர் என் சிறுநீரின் நிறத்தைத்தான் முதலில் கேட்டார். பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீரை என் கையில் கொடுத்து, அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்று வெறும் நீரிழப்போடு போயிற்று. அதற்குப் பிறகு, நடையை முடித்த நாளுக்கும் முதலில் மூழ்கும் நாளுக்கும் நடுவில் ஒரு முழு நாள் ஓய்வு வைக்காமல் நான் போவதில்லை.

அப்படியானால் இரண்டு வாரத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். தலமான் விமான நிலையத்தில் இறங்கி, அண்டால்யாவில் விமானம் ஏறுவது வசதி.

முதல் நான்கைந்து நாள் மலை. ஒலுதெனிஸுக்கு மேலுள்ள ஓவஜிக்கில் தொடங்கி ஃபராலியா, கபாக், அலிஞ்ஜா என்று நடங்கள். இடப்பக்கம் பாபாதாக் மலை, வலப்பக்கம் நேர் கீழே கடல். கபாக்கிலிருந்து அலிஞ்ஜாவுக்கு ஏறும் பாதைதான் இந்தப் பகுதியின் கடினமான ஏற்றம். விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். பிறகு தொல்முஷ்ஷில் பதாரா. 18 கி.மீ. நீளும் மணற்கரையும், மணலுக்குள்ளிருந்து எழும் லிகியத் தலைநகரின் இடிபாடுகளும் அங்கே இருக்கின்றன. அங்கே ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

அடுத்து காஷ். ஐந்து இரவுகள். ஒரு நாள் ஓய்வு, மூன்று நாள் டைவிங், மீண்டும் ஒரு நாள் ஓய்வு.

காஷுக்குக் கிழக்கே பாதை கடலை ஒட்டியே போகிறது. லிமானாஸி, அபெர்லாய், ஊச்சாகிஸ், கலேகோய் வழியாக டெம்ரே வரை பெரும்பாலும் தாழ்ந்த நிலம்தான். டைவிங் முடிந்த உடம்புக்கு ஏற்ற நடை. டெம்ரேக்கு அப்பால் வரும் உயர்ந்த மலைப் பகுதியை பஸ்ஸில் தாண்டி, கராஓஸில் இறங்கி, கெலிதோன்யா கலங்கரை விளக்கம் வழியாக அத்ராசான் போங்கள். ஒரு முழு நாள் நடை அது. கலங்கரை விளக்கம் கடல் மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் நீண்டு போகும். அதன் பிறகு ஒலிம்போஸ் இடிபாடுகள், சிராலி. சிராலிக்கு மேலே யானர்தாஷ் என்ற சரிவில், பாறை வெடிப்புகளிலிருந்து கசியும் மீத்தேன் பல நூற்றாண்டுகளாக எரிந்துகொண்டிருக்கிறது. இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கிழக்கிலிருந்து மேற்கே வந்தால், காஷைவிட்டுக் கிளம்பிய சில நாளிலேயே உயரமான பகுதி வந்துவிடும். முடியாது என்றில்லை, நாள் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும்.

காஷில் நீருக்குள் என்ன பார்க்கலாம்? பவளப்பாறை உண்டா?

வெப்பமண்டலக் கடலில் காண்கிற பவளத் தோட்டங்கள் இங்கே இல்லை. அதை எதிர்பார்த்து வந்தால் முதல் நாளே முகம் வாடிவிடும். இங்கே காட்சி வேறு. சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள், பிளவுகள், குகை வாய்கள், கடற்புல் வெளிகள், அவற்றின்மீது சாய்ந்து விழும் வெயில். தெளிந்த நாளில் 30 மீட்டர் தூரம் வரை கண் போகும். 15 மீட்டர் ஆழத்தில் மல்லாந்து பார்த்தால் மேலே படகின் அடிப்பகுதியும், ஏணியும், ஏணியில் தொங்கும் ஒருவரின் கால்களும் துல்லியமாகத் தெரியும். கண்ணாடியில் செய்த வீட்டுக்குள் நிற்பதுபோல் இருக்கும். நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்தத் தெளிவைத்தான்.

களவா மீன், சீலா மீன் கூட்டம், விலாங்கு, ஆக்டோபஸ், பெருந்தலை ஆமை எல்லாம் கண்ணில் படும். கொஞ்சம் கவனித்தால் செங்கடல் மீன்களையும் பார்ப்பீர்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு அந்த வழியாக மத்தியதரைக் கடலுக்குள் வந்து குடியேறியவை அவை. ஓரா மீன்கள் பாசியை மேய்ந்து சில பாறைகளை மொட்டையாக்கிவிட்டன. சிங்க மீன் நிழலான இடுக்குகளில் துடுப்பு விரித்து நிற்கும். அதன் முள்ளில் விஷம் உண்டு, கை நீட்டாதீர்கள். பெரிய பேத்தை மீனும் இப்படி வந்ததுதான். அதை யார் பிடித்துக் கொடுத்தாலும் சமைத்து உண்ணக் கூடாது.

டைவர்களுக்காகவே மூழ்கடித்த டகோட்டா விமானம் ஒன்றும் கடலடியில் இருக்கிறது.

உலுபுருன் கப்பல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதைப் பார்க்க முடியுமா?

கப்பல் கிடந்த இடத்தில் இப்போது பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் கதையைத் தெரிந்துகொண்டு போனால் காஷ் கடலே வேறாகத் தெரியும்.

1982-இல் மெஹ்மெத் சாகிர் என்ற கடற்பஞ்சு எடுப்பவர், காஷுக்குத் தென்கிழக்கே உள்ள உலுபுருன் முனையருகே மூழ்கியபோது விசித்திரமான பொருள்களைக் கண்டார். ‘காது வைத்த உலோக பிஸ்கட்’ என்று அவர் அவற்றை வர்ணித்தார். நான்கு மூலையும் நீண்டிருந்த அவை செம்புப் பாளங்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய, கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த வணிகக் கப்பலின் சரக்கு அது. 1984 முதல் 1994 வரை அகழாய்வு நடந்தது. சுமார் 10 டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், கருங்காலி மரம், எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் வண்டு முத்திரை என்று எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. 40 மீட்டருக்கும் கீழே சரிவில் கிடந்ததால் ஒருவர் ஒருமுறைக்கு 20 நிமிடமளவே வேலை செய்ய முடிந்தது. பதினொரு ஆண்டுகளில் 22,000 முறைக்கு மேல் மூழ்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

எடுத்த பொருள்கள் போத்ரும் கோட்டையிலுள்ள கடலடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் கப்பலின் மாதிரி ஒன்றைக் கட்டி, 2006-இல் காஷ் அருகே டைவர்களுக்காகக் கடலில் இறக்கினார்கள். அதைப் பார்க்கலாம்.

டைவிங் சான்றிதழ் இல்லாதவர்கள் என்ன செய்வது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, பயிற்றுநர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் அறிமுக டைவ். 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகமாட்டார்கள். இன்னொன்று, மூன்று நான்கு நாளில் முடியும் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் படிப்பு. அதில் தேறினால் 18 மீட்டர் வரை மூழ்கலாம். நேரமிருந்தால் படிப்பையே பரிந்துரைப்பேன். அறிமுக டைவில் பயத்தை அடக்குவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

முதன்முதலாக இறங்குகிறவர்களுக்குக் காது வலி வந்துவிடும் என்ற அச்சம் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் ‘டக்’கென்று திறக்கும். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். திறக்கவில்லையென்றால் ஊதித் தள்ளாதீர்கள். ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று மூழ்கக் கூடாது. கட்டிய பணம் போகட்டும், காது திரும்ப வராது.

சான்றிதழ் இருந்தாலும் வெளிநாட்டவர் துருக்கிக் கடலில் தாங்களாக மூழ்க முடியாது. உரிமம் பெற்ற மையத்தின் வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

சொந்தக் கருவிகளைச் சுமந்து வரலாமா?

மாஸ்க்கும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் போதும். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் ஒரு நாளையே கெடுத்துவிடும், அதனால் அதை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஈரமான வெட்சூட்டைப் பையில் வைத்து மலையேறுவதைப்போலக் கொடுமை வேறில்லை.

கெகோவா தீவின் மூழ்கிய நகரத்தில் டைவிங் செய்யலாமா?

இடிபாடுகளின்மீது நீந்தவும் மூழ்கவும் தடை. பழங்கால நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து கடலுக்குள் போன வீடுகள் அவை. படகிலோ கயாக்கிலோ ஓரமாகப் போகும்போது, பாறையில் வெட்டிய படிக்கட்டு நீருக்குள் இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். கலேகோய் கிராமத்தில் லிகியக் கல்லறை ஒன்று, கவிழ்த்த படகு போன்ற மூடியோடு, கடலுக்குள் தனியாக நிற்கிறது. அதிகாலையில் சுற்றுலாப் படகுகள் வருவதற்குமுன் ஊச்சாகிஸிலிருந்து நடந்து போய்விடுங்கள்.

வழியில் தண்ணீர் கிடைக்குமா? நாய்கள் துரத்துமா?

சில இடங்களில் ஊற்றும் கிணறும் உண்டு, ஆனால் கோடைக் கடைசியில் வற்றிவிடும். குவிமாடம் போட்ட பழைய கல் தொட்டிகளில் மழைநீர் தேங்கியிருக்கும். ஆடுகளும் குடிக்கும் நீர் அது, வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். நாளுக்கு மூன்று லிட்டரையாவது சுமந்து போங்கள்.

ஊர் நாய்கள் சாதுவானவை. சில நாய்கள் நாள் முழுக்கக் கூடவே நடந்து வரும். மந்தை காக்கும் பெரிய நாய்கள் அப்படியல்ல. குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். நின்று, மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள். மேய்ப்பவர் குரல் கொடுப்பார்.

காட்டில் தீ மூட்டவே கூடாது. 2021-இல் துருக்கியின் தெற்கு, தென்மேற்குக் கரையோரக் காடுகள் பயங்கரமாக எரிந்தன. வறண்ட மாதங்களில் காட்டுக்குள் நுழையவே தடை விதிப்பதுண்டு. ஊரில் கேட்டுவிட்டு நடங்கள். அவசரத்துக்கு நாடு முழுவதும் 112 என்ற எண்.

தங்குவதற்கு, செலவுக்கு, மொழிக்கு?

ஊர்களில் பான்சியோன் என்ற சிறு விடுதிகள் உண்டு. குடும்பமே நடத்தும், காலை உணவாக ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, தேன், தேநீர் என்று மேசை நிறைய வைப்பார்கள். கூடாரம் அடிக்கவும் பல இடங்களில் இடம் கிடைக்கும். மலைக் கிராமங்கள் பலவற்றில் கார்டு செல்லாது. ஃபெதியேயிலோ கல்கனிலோ காஷிலோ லிராவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காத பழக்கம் துருக்கியிலும் உண்டு. மூத்த ஆணை ‘ஆபி’, மூத்த பெண்ணை ‘ஆப்லா’, வயதான அம்மாவை ‘தெய்ஸே’ என்று கூப்பிடுகிறார்கள். அண்ணா, அக்கா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இது உடனே நாவில் ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவர் முகமும் மலரும்.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

தனியாகவும் இருவராகவும் நடக்கும் பெண்களைத் தினமும் வழியில் சந்தித்தேன். ஆளரவமற்ற நீண்ட பகுதிகளை மட்டும், காலில் அடிபட்டால் உதவிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, யாராயினும் துணையோடு கடப்பது நல்லது. மசூதிக்குள் போகத் தலைக்கு ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபராலியாவிலிருந்து வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்குக்கு நடந்து இறங்கலாமா?

வேண்டாம். செங்குத்தான பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்கும் பாதை அது, உயிர்கள் போயிருக்கின்றன. ஒலுதெனிஸிலிருந்து படகு போகிறது.

நினைவுக்கு ஒரு பழங்கல், ஓட்டுச் சில்லு எடுத்து வரலாமா?

கூடாது. தரையில் கிடந்தாலும் கடலடியில் கிடந்தாலும் தொல்பொருள்கள் அரசின் சொத்து; எடுத்துச் செல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மூழ்கும்போது மணலில் ஜாடியின் கழுத்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். கை வைக்காமல் வழிகாட்டிக்குக் காட்டுங்கள். உலுபுருன் கப்பலும் ஒருவர் கண்டதை வந்து சொன்னதால்தான் நமக்குக் கிடைத்தது.

எனக்கு ஒரு வாரம்தான் விடுமுறை. கடைசி நாள் காலையில் ஒரே ஒருமுறை மூழ்கிவிட்டு இரவு விமானம் ஏறலாமா?

ஏறாதீர்கள். காலை பத்து மணிக்கு நீரிலிருந்து எழுந்தால், ஒருமுறை மட்டுமே மூழ்கியிருந்தாலும் இரவு பத்துக்கு முன் விமானம் கூடாது. முந்தைய நாள்களிலும் மூழ்கியிருப்பீர்கள் என்பதால் உங்களுக்கு 18 மணி நேரக் கணக்குத்தான் பொருந்தும். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் மலை உச்சியில் இருப்பதுபோல்தான் இருக்கும். கடைசி நாளை நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று கவலை வேண்டாம். காஷின் மேற்கு ஓரத்தில் பழைய ஆன்டிபெல்லோஸ் நகரத்தின் அரங்கம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வேலியும் கூட்டமும் இல்லாமல், ஊர்ப் பிள்ளைகள் மாலையில் வந்து உட்காரும் இடம். வெயில் சாய்ந்த பிறகும் கல் படி சூடாகவே இருக்கும். எதிரே கிரேக்கத்தின் மெய்ஸ் தீவு. இருட்டத் தொடங்கியதும் அதன் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். நீங்கள் முந்தைய நாள் மூழ்கிய நீர் நடுவில் கருத்துக் கிடக்கும்.